காலித் தொட்டியுடன் பனிச்சாலையில் பிக்கப்: சங்கிலி எந்தச் சக்கரத்துக்கு?

வாசகர் கேள்வி: தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர டிரைவுக்கு மாற்றிக்கொள்ளும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். பனி மூடிய மலைச்சாலையில், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி காலியாக இருக்க, போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு ஜோடி டயர் சங்கிலி வாங்கியுள்ளேன். அதை முன்சக்கரங்களில் மாட்டுவதா, பின்சக்கரங்களிலா? பின்னால் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டால் சங்கிலி இல்லாமலே சமாளிக்க முடியுமா?

பதில்: முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். சங்கிலியை எந்த அச்சில் மாட்டலாம், எந்த அளவு டயரில் மாட்டவே கூடாது என்பதை அது சொல்லியிருக்கும். அதை மீற வேண்டாம். பிக்கப் வண்டிகள் பலவற்றுக்குப் பின்சக்கரங்களைத்தான் கையேடு குறிப்பிடுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரமும் கூடவே திரும்புவதால், அதில் சுற்றிய சங்கிலி பிரேக் ஓஸிலோ சஸ்பென்ஷனிலோ உரச வாய்ப்பிருப்பது அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எடை. காலியாக நிற்கும் பிக்கப்பில் எஞ்சின் இருக்கும் முன்பக்கம் கனமாகவும், தொட்டி இருக்கும் பின்பக்கம் இலேசாகவும் இருக்கும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது எடை மேலும் முன்னோக்கிச் சாய்வதால், பின் டயர்கள் சாலையை அழுத்துவதே குறைந்துபோகிறது. அந்த நேரத்தில் முன்சக்கரங்களில் மட்டும் சங்கிலி இருந்தால், முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வண்டியைச் சுழற்றிவிடும். பின்சக்கரங்களில் மட்டும் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது; வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் முன்சக்கரம் கேட்காமல் நேராகவே போகப் பார்க்கும். ஆனால் வளைவுக்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டால் இதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். கையேடு அனுமதித்தால் இன்னொரு ஜோடி வாங்கி நான்கு சக்கரங்களிலும் மாட்டுவதே என் பரிந்துரை; செங்குத்தான இறக்கம் உள்ள பாதைக்கு அதை அழுத்தியே சொல்வேன். நான்கு சக்கர டிரைவ் இருக்கிறதே என்ற துணிச்சல் ஏற்றத்தில் உதவலாம். பிரேக் பிடித்து நிற்பதற்கு அது எதுவும் செய்வதில்லை.

மணல் மூட்டை நல்ல யோசனைதான். ஆனால் அது சங்கிலிக்கு மாற்றாகாது, ஏனெனில் பிடிப்பைக் கூட்டும் அதே எடையை இறக்கத்தில் நிறுத்தியும் ஆக வேண்டும். 100 முதல் 150 கிலோ வரை, வண்டியின் சுமை வரம்புக்கு உட்பட்டு, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வைத்து, நகராதபடி இறுகக் கட்டுங்கள். தொட்டியின் பின்கதவோரம் வைத்தால் முன்பக்கம் தூக்கி, ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். வண்டி சிக்கிக்கொண்டால் அதே மணலை டயருக்கு முன்னால் தூவிக்கொள்ளவும் முடியும்.

சங்கிலியின் அளவு டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு, உதாரணமாக 265/70 ஆர் 17 என்பதோடு, சரியாகப் பொருந்த வேண்டும். இடைவெளி குறைந்த வண்டிகளுக்கென வரும் 'எஸ்' வகுப்புச் சங்கிலிக்கே டயர் பட்டனுக்கு, அதாவது சாலையில் படும் பரப்புக்கு, மேல் சுமார் 37 மில்லிமீட்டரும், பக்கச்சுவரை ஒட்டிச் சுமார் 15 மில்லிமீட்டரும் இடம் தேவை. நிறுவனம் கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால், வாங்கிய சங்கிலியை வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்படி ஒத்திகை பார்க்கச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. பனியில் மண்டியிட்டு, விறைத்த விரல்களால், கண்ணுக்குத் தெரியாத டயரின் உள்பக்கக் கொக்கியைத் தடவித் தேடி மாட்டும்போதுதான் இந்த வேலையின் கடினம் புரியும். முறுக்கில்லாமல் சங்கிலியைத் தரையில் விரித்து, கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி வைத்துக்கொண்டு, டயர் மேல் போர்த்தி, முதலில் உள்பக்கத்தையும் பிறகு வெளிப்பக்கத்தையும் இணைத்து இறுக்குங்கள். மாட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்று டயரில் காற்றை இறக்காதீர்கள். சமதளத்தில், போக்குவரத்திலிருந்து விலகிய இடத்தில், கை பிரேக் போட்டுச் செய்யுங்கள். சிறிது தூரம் மெதுவாக ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்குவது கட்டாயம். முதல் சில சுற்றுகளில் சங்கிலி தன் இடத்தில் அமர்ந்து கட்டாயம் தளரும். வேகம் உற்பத்தியாளர் சொன்ன வரம்புக்குள், பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மட்கார்டுக்குள் 'டக் டக்' என்று சீராக அடிக்கும் ஓசை கேட்டால் ஒரு கண்ணி அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்துங்கள், அடுத்த சுற்றுகளில் அது பிரேக் ஓஸையோ சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் கம்பியையோ அறுத்துவிடலாம்.

மற்ற சாதனங்களில் நான் முதலிடம் தருவது குளிர்கால டயருக்குத்தான். மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை அதில் இருக்கும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் அதற்கு ஈடல்ல. டயருக்கு உறைபோல மாட்டும் துணி வகை, இலேசான பனியில் குறுகிய தூரத்துக்கு உதவும். வெற்றுத் தார்ச்சாலையில் விரைவில் கிழிந்துவிடும். சிக்கிய சக்கரத்துக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைகள், மண்வெட்டி இல்லாமல் பாதிப் பயன்தான் தரும்: டயருக்கு முன்னால் நன்றாகத் தோண்டிப் பலகையை ஒட்டி வைத்து, வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்ச் கியரில் மெல்ல நகர்த்துங்கள், சக்கரத்தைச் சுழலவிட்டால் பலகையின் பற்கள் உருகிவிடும். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் சிக்கலிலிருந்து வெளியேறும் அந்தச் சில மீட்டருக்கு மட்டும் போட்டு, வளைவுக்கு முன் எடுத்துவிடுங்கள்.

உதவிக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே காத்திருக்க நேர்ந்தால், சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது இறங்கிப் பார்த்து அகற்றுங்கள். அடைபட்ட குழாயிலிருந்து வண்டிக்குள் திரும்பும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது. பனி முடிந்து கறுப்புத் தார் தெரிந்ததும் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். சாலையில் தூவிய உப்பு அதில் ஒட்டியிருக்கும் என்பதால், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். தேய்ந்த கண்ணியும் விரிந்த கொக்கியும் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.