ஊட்டிக் கேரட் வீடு வருமுன் பிசுபிசுப்பது ஏன்?

கேள்வி: மூட்டுவலி உள்ள அம்மாவோடு காரில் ஒரு நாள் ஊட்டிக்குப் போய், தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு உழவர் சந்தையில் காய்கறியும் வாங்கி வர ஆசை. போன முறை மதியம்தான் சந்தைக்குப் போனோம். நல்ல காய் இல்லை. பிளாஸ்டிக் கவரில் கட்டி வந்த கேரட்டும் மறுநாளே பிசுபிசுத்துவிட்டது. இந்த முறை எப்படித் திட்டமிடலாம்?
– வாசகி, கோவை

பதில்: முதலில் சந்தை, அப்புறம் பூங்கா. விவசாயிகள் விடியற்காலையிலேயே மூட்டையை இறக்கிவிடுவார்கள். 10 மணிக்கு மேல் கிடைப்பது மற்றவர்கள் பொறுக்கிப் போட்ட மிச்சம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் எட்டரை வாக்கில் சந்தை இருக்கும் சேரிங்கிராஸ் பக்கம் வந்துவிடலாம். நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள்.

சந்தையில் நுழைந்ததும் விலைப் பலகையைப் பாருங்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே என்று அன்றன்றைக்கு நிர்ணயிப்பதுதான் அது. பேரம் பேச வேலையில்லை, காய் பொறுக்க நேரம் மிச்சம்.

உங்கள் கேரட்டுக்கு வருவோம். மெஷினில் கழுவும்போது கேரட் ஒன்றோடொன்று உரசி மேல்தோல் சிராய்ந்துவிடுகிறது. ஈரம் காயாமல் கவரில் கட்டி, 2,200 மீட்டர் உயரக் குளிரிலிருந்து கோவை வெக்கைக்கு இறக்கினால் கவருக்குள்ளே வியர்த்துக் கொட்டும். அப்புறம் அழுகலுக்குக் கேட்க வேண்டுமா! மண் ஒட்டிய கேரட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இலையை ஒரு விரற்கடை விட்டு நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் நீரை அதுவே உறிஞ்சிவிடும். இலை முளைக்கும் மேல்பகுதி, அதாவது கேரட்டின் தோள், பச்சையாக இருந்தால் கசக்கும், ஒதுக்குங்கள். கழுவிய கேரட்தான் கிடைத்தது என்றால் டிக்கியில் செய்தித்தாள் விரித்துப் பரப்பி, ஈரம் காய்ந்த பிறகு துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை நீலகிரியில் தடை. சோதனைச்சாவடியில் பிடிபட்டால் அபராதம்.

உருளைக்கிழங்கு வாங்கினால் வெயில் படாமல் மூடி வையுங்கள், பச்சையாகிவிடும். பச்சைப் பட்டாணியை 2 கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். குவியலாகக் கிடந்தால் தானே சூடேறும், இனிப்பும் மாவாகிவிடும். கீரையும் புரோக்கோலியும் உங்கள் பயணத்துக்குச் சரிப்படாது.

அடுத்து பூங்கா. அம்மாவை வாசலிலேயே இறக்கிவிட்டு, நீங்கள் போய் நிழலான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். மூடிய கார் வெயிலில் நின்றால் ஊட்டியிலும் உள்ளே கொதிக்கும். 1848-இல் மலைச்சரிவில் அமைத்த தோட்டம் அது, 22 ஹெக்டேர். மேலே போகப் போக ஏற்றம்தான். உச்சியிலுள்ள தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) வரை அம்மாவை இழுக்க வேண்டாம். கீழ்த் தோட்டப் புல்வெளியையும் பூப்பாத்திகளையும் நிதானமாகப் பார்க்கவே இரண்டு மணி நேரம் ஆகும்.

வீடு சேர்ந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், பையைப் பிரித்துக் காய்களைத் தரையில் பரப்பிவிட்டுத் தூங்கப் போங்கள். பட்டாணியை மட்டும் அன்றிரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.