நகையை அடகு வைத்துக் குதிரை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் குதிரையை ஆறு லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். சின்னக் குதிரைதான், 300 கிலோ இருக்கும். கையில் இரண்டு லட்சம் உண்டு, மிச்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்க யோசனை. கடற்கரையில் சவாரிக்கு 1,500 ரூபா, நாளுக்கு 12 சவாரி என்றால் ஐந்து மாத சீசனில் 27 லட்சம் வருகிறது. தீனிக்கும் பார்க்கிற பையனுக்கும் மாதம் 75,000 போதும். வாங்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கணக்கில் குதிரையைத் தவிர எல்லாம் இருக்கிறது.

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது சவாரிக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. 300 கிலோ குதிரைக்கு அது 60 கிலோ. சேணத்தைக் கழித்தால் ஐம்பது கிலோ சொச்சம். நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர்களில் அந்த எடையில் எத்தனை பேர்? பிள்ளைகளும் மெலிந்தவர்களும்தான் ஏறலாம். இளகிய மணலில் நடப்பது கால் தசைநார்களுக்குக் கஷ்டம், கச்சான் காற்று வீசும் மத்தியான வெயிலில் வெளியே எடுக்கவே முடியாது. காலையும் மாலையும் ஈர மணலில் மொத்தம் நாலு சவாரி, மாதம் 22 நாள் என்று வையுங்கள். மாதம் 1,32,000. ஐந்து மாதத்துக்கு 6,60,000.

சரி, செலவு? சீசன் மே முதல் செப்டம்பர் வரை. குதிரை பன்னிரண்டு மாதமும் தின்னும். நீங்கள் சொன்ன 75,000 படியே வருடத்துக்கு ஒன்பது லட்சம். அடகு வட்டி சேராமலே 2,40,000 துண்டு விழுகிறது. இதற்குள் ஆறேழு கிழமைக்கு ஒருமுறை குளம்பு வெட்டுவதும் பூச்சி மருந்தும் ஏற்பு ஊசியும் வரவில்லை.

வயிற்று வலிக்கும் காசு ஒதுக்க வேண்டும். மணலில் புல்லைப் போட்டால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும், அது குடலில் தேங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்று வலி சில மணித்தியாலத்தில் உயிருக்கே வரலாம். கடற்கரைக் குதிரைக்குத் தொட்டியில்தான் தீனி. தம்பலகாமத்து வைக்கோல் மலிவுதான், ஆனால் அதை மட்டும் போட்டு வேலை வாங்க முடியாது.

சீசனையும் முழுதாக நம்ப வேண்டாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பெற்றோல் வரிசை எல்லாம் உங்கள் ஹோட்டலிலும் தெரிந்திருக்குமே. அப்படி ஒரு வருடம் வந்தால் நகை ஏலத்துக்குப் போகும். குதிரையை விற்றுத் தப்பலாம் என்றால், மாரியில் தீனி போட யார் முன்வருவார்? கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான். உங்களிடம் விற்கிறவரும் எந்த மாதத்தில் விற்க வருகிறார் என்று பாருங்கள்.

ஆசை விடவில்லை என்றால் அவரிடமே ஒரு சீசனுக்குப் பங்குக்குக் கேளுங்கள். தீனியும் மருந்தும் அவருடையது, ஆள் பிடிப்பதும் கூட்டிப்போவதும் உங்களுடையது. ஹோட்டலில் இருப்பதால் ஆள் பிடிப்பதில் நீங்கள் அவரைவிடக் கெட்டிக்காரர். ஒவ்வொரு நாளும் எத்தனை சவாரி, எடை கூடி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். சவாரிக்காரருக்குத் தலைக்கவசம் கட்டாயம். விழுந்து கை முறிந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வையுங்கள், மூன்றாம் தரப்புக் காப்புறுதி விசாரியுங்கள், கடற்கரையில் நடத்த அனுமதி வேண்டுமா என்று பிரதேச சபையில் முதலே கேளுங்கள்.

கொப்பிக் கணக்கு தேறி, சீசன் இல்லாத ஏழு மாதச் செலவான 5,25,000 வங்கியில் தனியாகச் சேர்ந்த பிறகு விலை பேசலாம். அப்போதும் மிருக வைத்தியர் பல் பார்த்து வயது சொல்லி, கெட்டித் தரையில் ஓடவிட்டு நொண்டல் பார்த்த பிறகுதான் முற்பணம். அப்புறம், நெடுந்தீவுக் குதிரை என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் கிட்டவும் போகாதீர்கள். அவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது.