பாமினியை அகற்றலாமா? விரல்களைத் தொடாமல் கோப்புகளை மாற்றும் வழி

கேள்வி: வலிகாமம் பகுதியிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பாக நான் ஒருவனே இருக்கிறேன். விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டதால், எட்டுப் புதிய கணினிகள் வாங்கினோம். அவற்றில் பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குவியலாகத் தெரிகின்றன. பாமினி எழுத்துருவை நிறுவித் தரும்படி பிரதம இலிகிதர் கேட்கிறார். இனி யுனிகோட் மட்டுமே என்று முகாமையாளர் சொல்கிறார். இருபது ஆண்டுக் கடிதங்களும் பெரியதோர் அங்கத்தவர் பட்டியலும் பாமினியில் இருக்கின்றன. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்கலாம்; இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். முகாமையாளர் பேசுவது கோப்புக்குள் என்ன சேமிக்கப்படுகிறது என்பதைப் பற்றி. இலிகிதர் பேசுவது தம் விரல்கள் எந்த விசையைத் தேடிப் போகின்றன என்பதைப் பற்றி. "பாமினி இல்லாட்டி என்ர கை ஓடாது தம்பி" என்று நானும் பல அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் எழுத்துருவைப் பற்றி ஒன்றும் இல்லை, கையைப் பற்றித்தான் இருக்கிறது. சேமிக்கும் முறையை மாற்றுங்கள். கையை அதன் போக்கில் விடுங்கள்.

முதலில் பாமினி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாமினியில் "தமிழ்" என்று அடித்த கோப்புக்குள் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. அங்கே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அவற்றின் மேல் தமிழ் உருவங்களை முகமூடிபோல் அணிவிப்பதே அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியிலோ, வாட்ஸ்அப்பிலோ, இணையப் படிவத்திலோ முகமூடி கழன்று விழுகிறது. நீங்கள் கண்ட ஆங்கிலக் குவியல் அதுதான். யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனக்கே உரிய எண் இருப்பதால், எந்த எழுத்துருவில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிப்பதற்கான இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரமும் 2008 இல் அந்த வழியிலேயே வந்தது.

இந்த முகமூடியால் வரும் கேடு கடிதங்களில் அதிகம் தெரியாது. எக்ஸெல் பட்டியலில்தான் தெரியும். பாமினியில் "சி" என்பதற்கும் "சீ" என்பதற்கும் உள்ள வேறுபாடு, ஆங்கில பி சிற்றெழுத்தா பேரெழுத்தா என்பது மட்டுமே. எக்ஸெலோ தேடும்போதும் ஒப்பிடும்போதும் அந்த வேறுபாட்டைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே சிவரத்தினமும் சீவரத்தினமும் அதற்கு ஒரே ஆள். ஒருவரின் பங்குத்தொகை மற்றவரின் பெயருக்கு எதிரே வந்து நிற்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. அகரவரிசையும் இப்படித்தான். "இ" காற்புள்ளி விசையிலும் "ய" ஆங்கில ஏ விசையிலும் இருப்பதால், இராசையாவுக்கு அடுத்து யசோதரன் வருவார். அருளம்பலம் பட்டியலின் நடுவே எங்கோ இருப்பார். முகாமையாளரின் பக்கத்து நியாயம் இவ்வளவும்.

இனி உடனடி வேலைக்கு வருவோம். பாமினியைப் புதிய கணினிகள் எட்டிலும் இன்றே நிறுவிவிடுங்கள். பழைய கோப்புகளை வாசிக்கவும் அச்சிடவும் அது வேண்டும்; அதை மறுப்பது அலுவலகத்தின் நினைவைப் பூட்டிவைப்பதற்குச் சமம். எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்காமல், பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்தே பிரதி எடுங்கள். ஒரே பெயரில் உலவும் எழுத்துருக்களில் சில குறிகள் இடம் மாறியிருப்பதுண்டு. அத்துடன், வேர்டின் தானியங்கித் திருத்தத்தில் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். புதிய கணினியில் அது இயங்கும் நிலையிலேயே வரும். பாமினியில் "அ" சிற்றெழுத்து, "ஆ" அதன் பேரெழுத்து. ஆகவே "அன்புடையீர்" என்று தொடங்கும் கடிதம் கண்முன்னே "ஆன்புடையீர்" ஆகும். புதிய கணினி வந்த முதல் வாரத்தில் வரும் முறைப்பாடுகளில் பாதி இந்த ஒரு வசதியால் வருவதுதான்.

லதா எழுத்துருவில் யுனிகோட்டாக அடித்த பழைய ஆவணங்களும் சில இருக்கலாம். விண்டோஸ் 10 முதல் அது தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுதிக்குள் போய்விட்டது. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் (Optional features) பகுதிக்குச் சென்று சேர்த்தால், அதற்குப் பதிலாக விண்டோஸ் காட்டும் நிர்மலா எழுத்துருவால் குலைந்துபோன பக்க அளவுகள் பழைய நிலைக்கு வரும்.

அடுத்து விரல்கள். தட்டச்சு வகுப்பில் முதல் நாள் அடித்துப் பழகிய "யளனக" வரிசை உங்கள் இலிகிதருக்கு நினைவிருக்கும். பாமினியின் விசையமைப்பு அந்தப் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழி வந்ததே. அதே அமைப்பில் அடித்தாலும் யுனிகோட்டாகச் சேமிக்கும் இலவச மென்பொருள்கள் நெடுங்காலமாகவே இருக்கின்றன, இகலப்பையிலும் என்.எச்.எம். ரைட்டரிலும் பாமினி விசையமைப்பு தெரிவாகவே உண்டு. இரண்டும் பழைய மென்பொருள்கள் என்பதால், முதலில் ஒரு கணினியில் மட்டும் நிறுவி, வேர்டிலும் எக்ஸெலிலும் இணைய உலாவியிலும் ஒரு வாரம் அடித்துப் பார்த்த பின்பே மற்ற ஏழுக்கும் போடுங்கள். கொம்பை முன்னே அடித்து மெய்யைப் பின்னே அடிக்கும் பழக்கத்தை மென்பொருள் ஏற்றுக்கொள்கிறதா என்பதைக் "கெ", "கே", "கொ", "கோ" ஆகிய நான்கையும் அடித்துச் சோதியுங்கள். யுனிகோட்டில் மெய் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுவதால், இடையில் இந்த மாற்றத்தைச் செய்துகொடுப்பது மென்பொருளின் பொறுப்பு.

அலுவலகத்தில் வயது குறைந்தவர்கள் கைத்தொலைபேசியில் ஒலிப்பு முறையில் அடித்துப் பழகியிருப்பார்கள். அவர்களுக்கு அதையே கொடுங்கள். தமிழ்99 விசையமைப்பில் பழகியவர் இருந்தால் அது விண்டோஸிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு விசையமைப்பு இருப்பதால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லாக் கைகளிலிருந்தும் வெளியே வருவது ஒரே யுனிகோட் எழுத்துத்தான்.

பழைய கோப்புகளை என்ன செய்வது என்பதே உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. இருபது ஆண்டுக் கடிதங்களையும் மாற்ற முயலாதீர்கள். அனுப்பி முடிந்த கடிதம் ஒரு சான்று. அதை வாசிக்க முடிந்தால் போதும். எழுத்துரு உட்பொதியப்பட்ட பீடிஎஃப் ஆக ஆண்டுவாரியாகச் சேமித்துவிட்டால், பாமினி இல்லாத கணினியிலும் அது சரியாகத் தெரியும். அதிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குவியலே வரும் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மாற்ற வேண்டியவை இன்றும் கை படுகின்ற கோப்புகள்: அங்கத்தவர் பட்டியல், கடித மாதிரிகள், கூட்ட அறிவித்தல் மாதிரிகள். மாதிரிகள் இருபதோ முப்பதோதான் இருக்கும். பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டுத் திருத்துவதிலும் பார்க்க அவற்றைப் புதிதாக அடிப்பது விரைவு.

அங்கத்தவர் பட்டியலில்தான் நான் ஒருமுறை சூடுபட்டுக்கொண்டேன். ஓரிடத்தில் முழு எக்ஸெல் தாளையும் ஒரே மூச்சில் மாற்றியில் போட்டு, மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். பெயர்கள் அழகாக வந்தன. சில வாரங்களுக்குப் பிறகு ஒருவர் தம் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் காட்டி, கடைசியில் இது என்ன எழுத்து என்று கேட்டார். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ஆங்கில வீ அல்லது எக்ஸ் வரும். பாமினியில் பேரெழுத்து வீ என்றால் "ஏ". பேரெழுத்து எக்ஸ் என்றால் "ஓ". பட்டியலில் இருந்த பழைய இலக்கங்கள் எல்லாமே தமிழில் முடிந்திருந்தன. அவற்றைத் தேடி மாற்றுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஆனால் அதே தாளில் வேறு எங்கெங்கே என்னென்ன மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் மூலக் கோப்பு இல்லாமற் போனதுதான் உண்மையான இழப்பு.

ஆகவே மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில், வாசிக்க மட்டும் முடியும்படி பூட்டி, இன்னொரு பிரதியை வெளி வன்தட்டில் வைத்த பிறகே தொடங்குங்கள். பட்டியலில் பெயர், முகவரி ஆகிய நிரல்களுக்குப் பக்கத்தில் வெற்று நிரல்களைச் செருகி, அந்த இரண்டை மட்டும் மாற்றி அங்கே ஒட்டுங்கள். எண், திகதி, அடையாள அட்டை, தொலைபேசி ஆகிய நிரல்கள் மாற்றியின் பக்கமே போகக்கூடாது. பழைய நிரலும் புதிய நிரலும் சில மாதங்கள் அருகருகே இருக்கட்டும்.

அங்கத்தவர்களின் பெயரையும் முகவரியையும் முன்பின் அறியாத இணையத்தளத்தின் பெட்டியில் ஒட்டுவது நல்லதல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். கணினியிலேயே நிறுவும் மாற்றி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இணையத்தள மாற்றிதான் கைவசம் என்றால், பக்கத்தைத் திறந்த பின் இணைய இணைப்பைத் துண்டித்து, கற்பனைப் பெயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மாற்றினால், மாற்றும் வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்று கொள்ளலாம். பட்டியலை ஒட்டும்போதும் இணைப்பு துண்டித்தபடியே இருக்கட்டும். இணைப்பை மீண்டும் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

எந்த மாற்றியும் பிழையில்லாமல் தராது. அடித்தவரின் பழக்கம் கோப்பில் பதிந்திருப்பதே காரணம். நம் ஊரில் திரும்பத் திரும்பக் காணும் பிழைகள் சில உண்டு. பலர் "ர்" அடிப்பதற்குப் பதில் துணைக்காலை (ா) அடித்து மேலே புள்ளி வைப்பார்கள். பாமினியில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மாற்றிய பின் "அவா்கள்" என்று நிற்கும், "அவர்கள்" என்று தேடினால் அகப்படாது. காலின் மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால், இதை மட்டும் கோப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

"கௌரி" அப்படியல்ல. பாமினியில் ஔகாரத்தைக் கொம்பும் "ள" வும் சேர்த்தே அடிப்பதால் "கெளரி" என்று மூன்றெழுத்தாக வரும். இதைத் திருத்துகிறேன் என்று எல்லா இடங்களிலும் ஒரேயடியாக மாற்றினால் கெளிறு மீன் "கௌிறு" ஆகும், வெள்ளிக்கிழமை "வௌ்ளிக்கிழமை" ஆகும்; செய்தித் தளங்களில் "வௌியீடு" என்று நீங்கள் காண்பது இந்த அவசரத்தின் விளைவே. ஔகாரம் வரும் சொற்கள் குறைவு. கௌரி, சௌந்தரம், மௌனம், பௌர்ணமி என ஒரு சிறு பட்டியல் எழுதி, சொல் சொல்லாக மாற்றுங்கள். ஸ்ரீதரன், ஸ்ரீஸ்கந்தராசா போன்ற பெயர்களையும் தனியே பாருங்கள். "ஸ்ரீ" யை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைத் தெரிவுசெய்து எல்லாவற்றையும் அதற்கே கொண்டுவராவிட்டால், தேடும்போது பாதிப் பேர் காணாமற் போவார்கள்.

எண்களும் குறிகளும் இன்னொரு தொல்லை. தொகையை ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால், அதன் காற்புள்ளி "இ" ஆகி "1இ500.00" என்று வரும். வேர்டின் தேடும் பெட்டியில் சிறப்புக்குறிகளைப் பயன்படுத்தும் (Use wildcards) தெரிவை இயக்கி, ([0-9])இ([0-9]) என்று தேடி, \1,\2 என்று மாற்றினால் ஒரே முறையில் சரியாகும். சாய்கோடு ஆய்தமாவதும் அப்படியே: "யா/" என்று தொடங்கும் பாடசாலைப் பெயர்கள் எல்லாம் "யாஃ" ஆகும், க.பொ.த. சா/த "சாஃத" ஆகும். ஆய்தம் முழுவதையும் சாய்கோடாக மாற்றிவிடாதீர்கள். எஃகுக் கம்பி வாங்கிய பற்றுச்சீட்டும் அதே கோப்பில் இருக்கக்கூடும்.

இந்த வேலையை ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களில் தொடங்க வேண்டாம். பட்டியலில் முதல் ஐம்பது பெயர்களை மட்டும் மாற்றி, அச்சிட்டு, இலிகிதரிடமே சரிபார்க்கக் கொடுங்கள். ஊரில் யார் சிவரத்தினம், யார் சீவரத்தினம் என்று உங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். பிறகு அவருடைய கணினியிலேயே, அவர் பழகிய விசைகளாலேயே ஒரு பெயரை அடித்துத் தேடச் சொல்லுங்கள். பெயர் உடனே வந்து நிற்பதைக் கண்ட பிறகு அவரிடம் யுனிகோட்டைப் பற்றி நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

பழைய கணினிகளில் ஒன்றை, பாமினியும் பழைய வேர்டும் இருக்கிறபடியே, இணையத்தில் இணைக்காமல் ஓரமாக வைத்திருங்கள். பீடிஎஃப் ஆக்கும்போது ஒரு கடிதத்தின் ஓர் எழுத்து ஐயமாக இருந்தால், மூலம் எப்படித் தெரிந்தது என்று பார்ப்பதற்கு அது ஒன்றே வழி. மற்றப் பழைய கணினிகளின் வன்தட்டுகளையும், உள்ளே யார் யாரின் எந்தக் கோப்புகள் தங்கியிருக்கின்றன என்று பார்த்துப் பிரதி எடுத்த பிறகே அழித்துக் கொடுங்கள்.