'யூதன்' வசைச்சொல்லா?

கொச்சி யூதர்களைப் பற்றிய கட்டுரையில் 'யூதன்' என்று எழுதியதற்கு நண்பர் கோபித்துக்கொண்டார், அது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸிலிருந்து வந்த வசையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. பைபிளில் வரும் யாக்கோபின் நான்காவது மகன் யூதா. தாய் லேயாள் கடவுளைத் துதித்து வைத்த பெயர். அவன் வழிவந்த கோத்திரம், பிறகு எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாடு, அந்த மக்கள் எபிரேயத்தில் 'யெஹூதி'. யூதாஸுக்கும் அதே பெயர்தான். அக்காலத்தில் சர்வசாதாரணமான பெயர், அவ்வளவே.

நண்பருக்கு உறுத்தியது 'ன்' விகுதியாக இருக்கும். ஒருவரைச் சொன்னாலும் 'யூதர்' என்றே எழுதுங்கள். 'இஸ்ரேலியர்' என்று மாற்றிவிடாதீர்கள்; அது குடியுரிமை, அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர்.

அப்புறம், பழைய நூல்களைப் பார்த்து 'கறுப்பு யூதர்', 'வெள்ளை யூதர்' என்று எழுதவே வேண்டாம். ஒரு சாராரை யூதர்களின் வழிபாட்டிடமான ஜெப ஆலயத்திலேயே ஒதுக்கிவைத்த காலத்துச் சொற்கள் அவை. முறையே மலபார் யூதர், பரதேசி யூதர் என்றால் போதும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயத்துக்கே பரதேசி என்றுதான் பெயர். நம் காதுக்கு அது பிச்சைக்காரர் மாதிரி கேட்கும் என்பதால், 'வெளிதேசத்திலிருந்து வந்தவர்' என்று ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.