வென்றவர் அல்லர், காப்பவர்

கேள்வி: ‘அலெக்சாண்டர்’ என்றால் ‘உலகை வென்றவன்’ என்று பொருள் என ஒரு பெயர்ப் பட்டியலில் படித்தேன். மாசிடோனியப் பேரரசருக்குப் பிறகுதான் இப்பெயர் பரவியதா? ‘சிக்கந்தர்’ என்பதும் இதே பெயர்தானா?

பதில்: பட்டியல் சொல்லும் பொருள் தவறு. பெயரைத் தாங்கிய ஒருவரின் வாழ்க்கையைப் பெயரின் பொருளாக எழுதிவிட்டார்கள். கிரேக்கத்தில் இது ‘அலெக்சாந்த்ரோஸ்’. தீங்கைத் தடுத்துக் காத்தலைக் குறிக்கும் ‘அலெக்செய்ன்’ என்ற வினையும், ஆடவனைக் குறிக்கும் ‘அனேர்’ என்ற சொல்லின் ‘அந்த்ர்’ என்ற வேரும் சேர்ந்து ‘ஆடவரைக் காப்பவன்’ என்ற பொருளைத் தருகின்றன. வெற்றிக்குக் கிரேக்கர் வழங்கிய சொல் ‘நிக்கே’. ‘நிக்கோலஸ்’ என்ற பெயரில் அது இருக்கிறது, இதில் இல்லை.

பேரரசர் பிறந்தது கி.மு. 356இல். அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மரபின் மன்னர் இரண்டாம் முவத்தல்லி, விலுசா நாட்டின் அலக்சந்து என்ற அரசருடன் உடன்படிக்கை செய்திருக்கிறார். அலக்சந்து என்பது இக்கிரேக்கப் பெயரின் ஹிட்டைட் வடிவம் என்றும், விலுசா என்பது டிராய் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டிலோ, ஹெலனைக் கவர்ந்து சென்ற டிராய் இளவரசன் பாரிஸ், அப்பெயரைவிட ‘அலெக்சாந்த்ரோஸ்’ என்ற பெயராலேயே மிகுதியாக அழைக்கப்படுகிறான். மலையில் ஆட்டிடையனாக வளர்ந்தபோது கொள்ளையரை விரட்டி மந்தையைக் காத்ததால் அவனுக்கு அப்பெயர் வந்தது என்று அப்பல்லோடோரஸின் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பு கூறுகிறது. பெயரின் பொருளைப் பண்டைக் கிரேக்கர் எவ்வாறு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே எனக்குப் போதுமான சான்று. பண்டைக் கிரேக்க நகரமான மைசீனியில் கிடைத்த, கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகை ஒன்றில் ‘அலெக்சாந்த்ரா’ என்ற பெண்பால் வடிவமும் உண்டு. மாசிடோனிய அரச மரபிலும், பாரசீகப் போர்க் காலத்தில் ஆண்டவர் முதலாம் அலெக்சாண்டர். தாங்கள் குறிப்பிடும் பேரரசர் மூன்றாமவர்.

எனினும் கிரேக்க நாட்டுக்கு வெளியே இப்பெயர் பரவியதற்கு அவருடைய புகழே முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே பரவல் பற்றிய தங்கள் ஊகத்தில் பாதி சரி. தோற்றத்துக்கு மட்டும் அவர் காரணர் அல்லர்.

சிக்கந்தர் என்பதும் இதே பெயர்தான். தொடக்கத்தில் உள்ள ‘அல்’ என்பதை அரபு மொழியினர் தங்கள் மொழியின் சுட்டு முன்னொட்டாக (ஆங்கிலத்தின் ‘the’ போன்றது) கொண்டு பிரித்தனர். எஞ்சியதில் ‘க்ஸ்’ என்ற ஒலிகள் இடம் மாறி ‘இஸ்கந்தர்’ ஆயிற்று. அதுவே பாரசீகம், உருது வழியாகச் ‘சிக்கந்தர்’ என்று நம்மிடம் வந்தது. எகிப்தில் அவர் நிறுவிய அலெக்சாண்டிரியா நகரை அந்நாட்டு மக்கள் இன்றும் ‘அல் இஸ்கந்தரிய்யா’ என்றே அழைக்கின்றனர்.