சட்டப் பட்டம் இல்லாமல் கட்டுமானச் சட்டம் படிக்கலாமா?

வணக்கம் தம்பி. கொழிஞ்சாம்பாறைக்காரர், சிவில் இன்ஜினியர், ஆறு வருடம் சைட் அனுபவம், எல்.எல்.பி. இல்லை, கட்டுமானச் சட்டத்தில் மேற்படிப்பு முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நம் நாட்டில் எல்.எல்.எம்.முக்குத்தான் சட்டப் பட்டம் வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கட்டுமானச் சட்ட எம்.எஸ்சி. போன்ற படிப்புகளில் பொறியாளர்களும் சேரலாம்.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55, 73, 74 பிரிவுகளைப் படித்துவிடுங்கள். 73, 74 இரண்டும் ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய நஷ்டஈடு பற்றியவை. 55-ஐ நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாளையார் பக்கம் ஒரு வேலை. வரைபடம் நாலு மாதம் தாமதமாக வந்தது. வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம், நஷ்டஈடு கேட்போம் என்று ஒரு கடிதம்கூட எழுதவில்லை. தாமதத்தை ஏற்கும்போதே அறிவிப்பு கொடுக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. கோரிக்கை அங்கேயே விழுந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம், நம் எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று: கையெழுத்து கோவையில், வேலை பாலக்காட்டில். எந்த நீதிமன்றம்? தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் விடுவதாக ஒப்பந்தம் சொன்னால், 1996 நடுவர் சட்டப்படி நடுவர் மன்றத்தின் இருக்கையை, அதாவது சட்டப்படி அது எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை, இரு தரப்பும் தேர்ந்தெடுக்கலாம்; நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் வழக்கும் அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் அந்த வரியை இன்றே தேடிப் பாருங்கள்.