அரியர்ஸில் பங்கு கேட்கிறவரிடம் பட்டாளத்துக் கேஸைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து 2009-ல் ஓய்வு பெற்றார். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டில் பி.பி. என்று எழுதி, குறைபாடு 30 சதவீதம் போட்டார்கள். ஆனால் டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. சர்வீஸ் பென்ஷன் மட்டும்தான் வருகிறது. போன மாதம் ஒருவர் வீடு தேடி வந்து, "நானும் முன்னாள் ராணுவம்தான், டிரிபியூனலில் கேஸ் போட்டு வாங்கித் தருகிறேன், முன்பணம் வேண்டாம், வருகிற அரியர்ஸில் 30 சதவீதம் கொடுங்கள், போதும்" என்றார். டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினல், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் இரண்டு, பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டு எல்லாம் கேட்கிறார். அப்பா கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. நம்பலாமா? இல்லையென்றால் நல்ல வக்கீலை எங்கே போய்த் தேடுவது?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: செக்கையும் பாஸ்வேர்டையும் கொடுக்காதீர்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். அப்பா ஏற்கெனவே கொடுத்துவிட்டாரென்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அந்தச் செக்குகளை ஸ்டாப் பேமெண்ட் செய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

சிக்கல் என்னவென்றால், வந்தவர் சொல்கிற கேஸ் பொய் இல்லை. இது மாதிரி மறுக்கப்பட்ட ஏராளமான பேர் டிரிபியூனலில், அதாவது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில், ஜெயித்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த ஆட்கள் ஊர் ஊராக வருகிறார்கள். பட்டாளத்தில் சேரும்போது அந்த நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பிறகு வந்த நோய் பணியினால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மெடிக்கல் போர்டு காரணம் எழுதாமல் "பணிக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அது செல்லுபடியாகாது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், 50-க்குக் கீழே இருக்கிற சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவது எல்லாருக்கும் பொருந்தும் என்றார்கள். 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, 50 என்றால் அதில் பாதி, அதாவது 15 சதவீதம். அப்பா 2009-ல் வந்தவர் என்பதால் பழைய விதிகள்தான் அவருக்கு. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதியே வேறு.

அந்த ஆள் 2009-லிருந்து மொத்த அரியர்ஸும் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார், அதை அப்படியே நம்ப வேண்டாம். தாமதமாக வந்த கேஸ்களில், மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவையோடு நிறுத்துவது 2008-ல் வந்த தர்சேம் சிங் தீர்ப்புக்குப் பிறகு பல வழக்குகளில் நடந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் லட்சம் லட்சமாகப் பேசுகிறவர், ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லை தெரிந்தே மறைக்கிறவர்.

சரி, 30 சதவீதப் பங்கு. ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவதும் கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை. வந்தவர் வக்கீலே இல்லையென்றால் இன்னும் மோசம்: பதிவு இல்லாமல் வக்கீல் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961 வழக்கறிஞர்கள் சட்டம் சொல்கிறது. இன்னும் கைக்கு வராத பென்ஷன் பணத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று 1871-லேயே ஓய்வூதியச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே சிப்பாய் பென்ஷனைச் சுற்றி ஆள் இருந்திருக்கிறார்கள் போல! அதனால்தான் அவருக்கு வெற்றுச் செக் தேவைப்படுகிறது. பத்திரத்தில் எழுதினால் நிற்காது என்பது அவருக்கும் தெரியும்.

வக்கீலைத் தேடும் முன் ஒரு காகிதத்தைத் தேடுங்கள். அப்பா வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நடவடிக்கைப் படிவம் அது. பெரும்பாலான ஜவான்களின் கையில் இதன் நகல் இருக்காது. ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸ், அப்பா பெயரிலேயே ஆர்மி நம்பர், ரேங்க் போட்டு, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுப்புக் கடிதத்தின் நகலையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். வந்ததும் உட்கார்ந்து படியுங்கள். நோய் முதலில் எந்தத் தேதியில், எந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது என்று இருக்கும். பணியினால் வந்ததா, பணியினால் அதிகமானதா என்ற கேள்விகளுக்கு எதிரே "இல்லை" என்று இருக்கும், காரணம் என்ற இடத்தில் பீஸ் ஸ்டேஷனில் (போர்ப் பகுதி அல்லாத இடத்தில்) வந்த நோய் என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும். கேஸ் முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இதை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வக்கீல்களைப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் வாங்கியதும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார், "பி.பி. வந்தபோது எங்கே போஸ்டிங்? அதுக்கு முன்னாடி ஃபீல்டில் எத்தனை வருஷம்? முதல் அப்பீல் போட்டீங்களா?" என்று கேட்பார். இதெல்லாம் கேட்காமல் நேரே ஃபீஸுக்கு வருகிறவரை விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். முன்னாள் ராணுவம் என்று சொல்லிக்கொள்வது ஒரு தகுதியே இல்லை, அப்பாவுக்கு அது உறைக்க நாளாகும், பட்டாளத்துக்காரர் இன்னொரு பட்டாளத்துக்காரரைச் சந்தேகப்பட மாட்டார்.

எங்கே தேடுவது என்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை கிளைத் தீர்ப்புகள் இணையத்தில் இருக்கின்றன. டிஸெபிலிட்டி பென்ஷன் தீர்ப்புகளாக எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள், மனுதாரர் தரப்பு வக்கீல் பெயர் இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற பெயர்களைக் குறித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். விளம்பரப் பலகையைவிட இது மேல் (வக்கீல்கள் விளம்பரம் செய்வதே விதிமீறல்). ஓசூர், சூளகிரிப் பக்கம் இருந்தாலும், கிட்டத்தில்தானே என்று பெங்களூருக்குப் போக வேண்டாம். ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கிற இடத்துக்கு உரிய கிளையில் போடலாம் என்பது விதி, தமிழ்நாட்டுக்குச் சென்னை. கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடங்கிய வீர் பரிவார் திட்டம், சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நல) அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைப்பதற்காகத்தான்.

ஆளைப் பிடித்த பிறகு பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், கோபப்பட மாட்டார். ஃபீஸ் மொத்தம் எவ்வளவு, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. எல்லாம் ஜெராக்ஸ் மட்டும். வக்காலத்தில் அப்பா பெயரும் எதிர்த்தரப்பும் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி: என் கணவருக்கும் இதே மாதிரி டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. போன வருடம் தவறிவிட்டார். இனி நான் கேட்க முடியாது என்கிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கவும் பணமில்லை.
(வாசகி, பென்னாகரம்)

பதில்: முடியும் அம்மா. இறந்துபோன படைவீரரின் மனைவியும் வாரிசும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அவர் இறந்த தேதி வரைக்குமான நிலுவையைக் கேட்கலாம். அந்த நோயினாலேயே இறந்தார் என்று மருத்துவக் காகிதம் இருந்தால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்கவும் இடம் இருக்கிறது, எனவே ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள், சென்னைத் தீர்ப்பாயத்தில் கேஸ் போட வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போக முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்து கேட்கலாம். அப்படி நியமிக்கப்படும் வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, யார் கேட்டார் என்று அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.